கையை வீசினால் மந்திரம்: பிஎஸ் 3-இல் ‘சோர்சரி’ விளையாட முழு வழிகாட்டி

நுனியில் கலர் பந்து எரியும் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, டிவி முன்னால் நின்று காற்றில் கோடு போடும் விளையாட்டு இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாம் கொசு அடிப்பது போலத்தான் தெரியும். விளையாடுபவருக்கோ, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் கோலின் நுனியிலிருந்து மந்திரம் பறந்துபோய் எதிரில் நிற்கும் குட்டிப் பிசாசின் மண்டையில் விழும். அந்த முதல் அடி சரியாக விழுந்துவிட்டால் விளையாட்டு பிடித்துவிடும். விழாவிட்டால் பத்து நிமிஷத்தில் கண்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், நானே அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோருக்குக் குறை இருந்தது விளையாட்டில் இல்லை, அறையிலும், குச்சியைக் கேமராவுக்குக் காட்டிப் பழக்கும் அளவெடுப்பிலும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, மந்திரத்துக்கு முந்திய வேலைகளைப் பற்றியது. அலுப்பாகத் தோன்றினாலும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் இரண்டு வரி அறிமுகம். ‘சோர்சரி’ 2012 மே மாதம் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ‘தி வொர்க்‌ஷாப்’ என்ற நிறுவனம் சோனியின் சாண்டா மோனிகா ஸ்டுடியோவோடு சேர்ந்து செய்தது. 2010-இல் ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியிலேயே மேடையில் காட்டிவிட்டு, அப்புறம் இரண்டு வருஷம் காக்க வைத்தார்கள். கதாநாயகன் ஃபின், டாஷ் என்ற மந்திரவாதியிடம் எடுபிடியாக இருக்கும் பையன். குரு வீட்டில் இல்லாத நேரத்தில் கோலை எடுத்துக் கைவைக்கக் கூடாததில் கைவைக்கிறான், அதிலிருந்து எல்லா வினையும் தொடங்குகிறது. கூடவே எர்லின் என்ற பேசும் பூனை, வாய் கொஞ்சம் அதிகம். அவர்களுக்கு எதிரி ‘நைட்மேர் குயின்’, உலகத்தையே இருட்டில் மூழ்கடிக்க நினைப்பவள். பூனையைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் கதை போய்விடும். பேய் பிசாசெல்லாம் அயர்லாந்துப் பக்கத்து நாட்டார் கதைகளின் சாயலில் வருபவை. எந்த விளையாட்டு எந்த வயதுக்கு என்று சொல்லும் அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி அமைப்பு இதைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வகைப்படுத்தியிருக்கிறது. என் கணக்கில் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

என்னென்ன வேண்டும்

பிஎஸ் 3 பெட்டி, டிஸ்க், ஒரு மூவ் மோஷன் கண்ட்ரோலர் (முதலில் சொன்ன, பந்து எரியும் குச்சி இதுதான்), ஒரு பிளேஸ்டேஷன் ஐ கேமரா. இந்த நான்கில் எது இல்லாவிட்டாலும் விளையாட முடியாது, குறிப்பாக மூவ் இல்லாமல் சாதாரண கண்ட்ரோலரில் ஒப்பேற்றலாம் என்ற நினைப்பு வேண்டாம். பிஎஸ் 4, பிஎஸ் 5 பெட்டிகளில் இந்த டிஸ்க் ஓடாது. பிஎஸ் 4 கேமராவின் இணைப்பு முனையே வேறு, அதை பிஎஸ் 3-இல் சொருகவே முடியாது.

இடது கைக்கு நேவிகேஷன் கண்ட்ரோலர் என்று ஒற்றைக் கையில் அடங்கும் ஒன்றைத் தனியாக விற்றார்கள். ஃபின்னை நடக்க வைப்பது அதிலுள்ள குமிழ். கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கவலையில்லை, பிஎஸ் 3-இன் வழக்கமான கண்ட்ரோலரான டூயல்ஷாக் 3-ஐ இடது கையில் பிடித்துக்கொண்டு அதே வேலையைச் செய்யலாம். கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

எல்லாமே இனி செகண்ட் ஹேண்ட்தான் என்பதால் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. மூவில் இரண்டு தலைமுறை உண்டு. பிஎஸ் 3 காலத்துப் பழையதின் அடியில் மினி யூஎஸ்பி துளை இருக்கும், பிற்பாடு பிஎஸ் 4-இன் விஆர் கண்ணாடிக்காக வந்ததில் மைக்ரோ யூஎஸ்பி. நமக்கு வேண்டியது மினி. வாங்குமிடத்திலேயே ஒரு பிஎஸ் 3-இல் சொருகி, பந்து எரிகிறதா, கேபிளைப் பிடுங்கிய பிறகும் எரிகிறதா என்று பாருங்கள். வருஷக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி, கேபிள் இருக்கும் வரை உயிரோடு இருப்பது போல நடித்துவிட்டு, பிடுங்கிய நொடியில் செத்துவிடும். எனக்கு அப்படி ஒன்று வாய்த்தது. விற்றவர் “நேத்து வரைக்கும் ஓடுச்சே சார்” என்றார், நானும் காசைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பந்தை லேசாக அழுத்திப் பாருங்கள். மென்மையாக இருக்கும், அது சரிதான். ஆனால் மஞ்சளாகிப் போயிருந்தாலோ, பேனா மைக் கறை இருந்தாலோ வேண்டாம். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

அந்தப் பந்து ஏன்?

கேமரா உங்களைப் பார்ப்பதில்லை, பந்தை மட்டும்தான் பார்க்கிறது. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் உருண்டை உருண்டையாகத்தான் தெரியும் என்பதால்தான் அந்த வடிவம். பந்தின் நிஜ அளவு பெட்டிக்கு முன்கூட்டியே தெரியும், படத்தில் அது பெரிதாகத் தெரிந்தால் நீங்கள் அருகில் இருக்கிறீர்கள், சிறிதாகத் தெரிந்தால் தள்ளி நிற்கிறீர்கள். கேமரா நொடிக்கு 60 படம் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. கோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக வீசினீர்கள் என்பதை உள்ளே இருக்கும் கைரோஸ்கோப்பும் ஆக்ஸிலரோமீட்டரும் சொல்லும். கைரோஸ்கோப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, நேரம் ஆக ஆகத் திசை மெல்ல நழுவும். அதை இழுத்துப் பிடிக்க, பூமியின் காந்தப்புலத்தைப் பார்க்கும் மேக்னட்டோமீட்டர் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள், திசைகாட்டி முள் மாதிரி.

இதைத் தெரிந்துகொள்வதில் லாபம் இருக்கிறது. பந்தின் நிறம் எதனோடும் குழம்பக் கூடாது, பந்தின் உருவம் பாதி மறையக் கூடாது, கோலுக்குப் பக்கத்தில் பெரிய காந்தம் இருக்கக் கூடாது. வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றால் வருபவைதான்.

அறையைத் தயார் செய்தல்

கேமராவை டிவிக்கு மேலேயோ கீழேயோ நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைத்தால் குறி எல்லாம் கோணலாகப் போகும். ஐ கேமராவின் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பினால் சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி என்று இரண்டு நிலைகள். சிவப்பு 56 டிகிரி, கிட்டத்துப் பார்வை. நீலம் 75 டிகிரி, அகலப் பார்வை. நீலத்தில் வையுங்கள். இந்த ஒரு வளையம் தெரியாமல் ‘கை கொஞ்சம் அகலப் போனாலே கோல் காணாமல் போகிறது’ என்று புலம்பியவர்கள் ஏராளம்.

எனக்கு ஒத்துவந்த தூரம் டிவியிலிருந்து ஆறு முதல் எட்டு அடி. அதற்குக் கிட்டே போனால் கையை நீட்டும்போது பந்து கேமராவின் பார்வையைத் தாண்டிவிடுகிறது. சோபாவில் உட்கார்ந்தும் ஆடலாம், ஆனால் கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டாம், முழங்கை இடிக்கும்.

அறை வெளிச்சத்தைக் குறையுங்கள், முழு இருட்டு தேவையில்லை. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையை இழுத்துவிடுங்கள். கேமராவின் பார்வையில் விழும் டியூப்லைட்டையும் கண்ணாடி பீரோவையும்தான் முதலில் கவனிக்க வேண்டும், கண்ணாடியில் பந்தின் பிம்பம் தெரிந்தால் கேமராவுக்கு இரண்டு பந்து. சீரியல் பல்பு மாட்டியிருந்தால் விளையாடும் வரை அணைத்துவையுங்கள். பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று ஆடாதீர்கள், உள்ளே இருப்பது காந்தம்.

அப்புறம் மேலே பாருங்கள். தாழ்வாகச் சீலிங் ஃபேன் ஓடுகிற வீட்டில் உயரமான பிள்ளை நின்றுகொண்டு கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ட்ரோலரின் அடியிலுள்ள கயிறு அலங்காரத்துக்கு இல்லை, மணிக்கட்டில் மாட்டி இறுக்குங்கள். வியர்த்த கையிலிருந்து குச்சி நழுவினால் நேராக டிவியைத் தேடித்தான் போகும்.

இணைப்பும் அளவெடுப்பும்

கேமராவைப் பெட்டியின் யூஎஸ்பியில் சொருகுங்கள். மூவை மினி யூஎஸ்பி கேபிளால் பெட்டியோடு இணைத்து, நடுவிலுள்ள பிஎஸ் பட்டனை அழுத்துங்கள், பெட்டி அதை அடையாளம் கண்டுகொள்ளும். இடது கைக் கண்ட்ரோலருக்கும் இதே முறை. ஒருமுறை செய்தால் போதும், அடுத்த தடவையிலிருந்து கேபிள் இல்லாமலே இணையும். சார்ஜ் போடும்போது மட்டும் நினைவில் வையுங்கள், பிஎஸ் 3 ஓடிக்கொண்டிருந்தால்தான் அதன் யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும், ஸ்டாண்ட்பையில் விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் போட்டபடியே இருக்கும்.

இனி அளவெடுப்பு. விளையாட்டு ஆரம்பத்தில் கண்ட்ரோலரைக் கேமராவை நோக்கி நீட்டி, நடுவிலுள்ள பெரிய மூவ் பட்டனை அழுத்தச் சொல்லும். அந்த நேரத்தில் பந்து சில நிறங்களாக மாறி மாறி எரியும், உங்கள் அறையில் இல்லாத நிறம் எது என்று அது தேடிக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சுச் சட்டையோடு நின்றால் ஆரஞ்சைத் தவிர்த்துவிடும். அப்போது கை ஆடக் கூடாது.

அக்கா மகன் முதல் நாள் வந்து ஆடியபோது நடந்தது இது. சோபாவில் சாய்ந்து, கோலை மடியில் வைத்தபடியே பட்டனை அழுத்தி அளவெடுப்பை முடித்தான். அப்புறம் உற்சாகத்தில் எழுந்து மூன்றடி முன்னால் போய் நின்று வீச ஆரம்பித்தான். “மாமா, நான் நேரா தானே அடிக்கிறேன், அது ஏன் சுவத்துல போய் அடிக்குது?” என்று ஒரே கேள்வி. அவனைப் பிடித்துப் பின்னால் இழுத்து, விளையாடப் போகிற இடத்தில், விளையாடப் போகிற மாதிரியே நிற்கவைத்து மறுபடி அளவெடுத்தோம். அடுத்த அடி நேராகப் போனது. எங்கே நின்று அளவெடுக்கிறீர்களோ அங்கேயே நின்று ஆடுங்கள், இடம் மாறினால் திரும்ப எடுங்கள். முழு விஷயமும் அரை நிமிஷ வேலை.

முதல் மந்திரம்: ஆர்கேன் போல்ட்

ஆட்டம் முழுக்கக் கூடவே வரும் அடிப்படை மந்திரம் இது. பட்டன் எதுவும் வேண்டாம், கோலை வீசினால் போதும். இங்கேதான் எல்லோரும் செய்யும் தப்பு, கிரிக்கெட்டில் பந்து எறிவது போலத் தோளிலிருந்து கையைச் சுழற்றுவது. தேவையில்லை, பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, கையில் ஒட்டிய தண்ணீரை உதறுகிற மாதிரி மணிக்கட்டை மட்டும் வெட்டுங்கள். வேகத்தைவிடத் தெளிவு முக்கியம், ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கை ஒரு கணம் நிற்க வேண்டும். விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் எது வீச்சு, எது கையைத் திரும்ப எடுத்தது என்று விளையாட்டுக்கே குழப்பம் வரும், பாதி அடி பின்பக்கத் திசையில் போகும்.

நேரடி அடி பிடிபட்டதும் வளைத்து அடிக்கப் பழகுங்கள். நேராக வெட்டாமல் பக்கவாட்டில் வீசினால் போல்ட்டும் வளைந்து போகும். பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரியை அப்படித்தான் பிடிக்க வேண்டும். நம்ம ஊர் ஸ்பின் போலரைப் போலக் கடைசி நேரத்தில் திரும்பாது, ஆரம்பத்திலிருந்தே அழகாக வளைந்து போகும். எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்தது இதுதான். வேறு ஒன்றும் செய்யாமல், ஒரே இடத்தில் நின்று தூணைச் சுற்றி வளைத்து வளைத்து அடித்துக்கொண்டே அரை மணி நேரம் போக்கியிருக்கிறேன்.

மற்ற மந்திரங்களும் கலவையும்

கதை போகப் போக நிலம், பனி, காற்று, நெருப்பு, மின்னல் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். மாற்றுவதற்கு மூவ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கோலை அந்தந்த மந்திரத்துக்குரிய விதத்தில் அசைக்க வேண்டும், எப்படி என்று திரையிலேயே காட்டும். புதிதாக ஒன்று கிடைத்ததும் சண்டைக்கு ஓடாதீர்கள். யாரும் இல்லாத இடத்தில் நின்று, பழையது, புதியது, மறுபடி பழையது என்று ஒரு இருபது தடவை மாற்றிப் பாருங்கள். சண்டைக்கு நடுவே படத்தைப் பார்த்து அசைக்கத் தொடங்கினால் அடி வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

தனித்தனியாக ஒவ்வொன்றும் சுமார்தான். சேர்த்துப் போடும்போதுதான் ஆட்டமே.

நெருப்புச் சுவர் ஒன்றை எதிரே எழுப்புங்கள். அதற்குப் பின்னால் நின்று சாதாரண ஆர்கேன் போல்ட்டை அந்தச் சுவர் வழியாக அடியுங்கள், அந்தப் பக்கம் போகும்போது அது நெருப்புப் பந்தாகிப் போகும். பாகி என்ற குட்டிப் பிசாசுகள் கூட்டமாக ஓடிவரும் இடங்களில் இதைவிட நல்ல வழி கிடையாது, சுவரைத் தாண்ட முயல்கிறவன் கருகுவான், தாண்டாதவன் உங்கள் அடியில் எரிவான். அடுத்தது சூறாவளி. முதலில் காற்றைச் சுழலவிடுங்கள், அது எதிரிகளைத் தனக்குள் இழுக்கட்டும், அப்புறம் அதை நெருப்போடு சேருங்கள், நெருப்புச் சூறாவளியாகிவிடும். முதல் தடவை இதைச் செய்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். மூன்றாவது பனி. உறைய வைத்துவிட்டு ஒரு போல்ட் அடித்தால் ஆள் கண்ணாடி டம்ளர் மாதிரி சிதறிப்போவான். பெரிய உருவங்கள் ஒரேயடியாக உறையாது, விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆர்கேன் போல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டே விளையாட்டில் ரொம்ப தூரம் போய்விடலாம், விளையாட்டு அதைத் தடுக்காது. அப்படி ஆடியவர்கள்தான் ‘கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, போர்’ என்று சொல்கிறார்கள். நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சண்டையிலும் குறைந்தது இரண்டு மந்திரம். பான்ஷீ என்ற ஓலமிடும் பெண் பேய் மாதிரிப் பெரிய எதிரி வரும்போது இந்தப் பழக்கம் தானாகக் கைகொடுக்கும்.

மருந்து காய்ச்சுவது

சண்டைக்கு நடுவில் உயிர் குறைந்தால் மருந்து குடிக்க வேண்டும். இங்கேயும் பட்டன் அழுத்தி முடித்துக்கொள்ள முடியாது. கண்ட்ரோலரை டானிக் பாட்டிலைப் போலக் குலுக்கி, அப்புறம் வாயில் ஊற்றுவது போலக் கவிழ்க்க வேண்டும். கேலிக்கூத்தாகத் தெரியும், ஆனால் சிறுவர்களுக்கு இதுதான் கொண்டாட்டம். கவனிக்க வேண்டியது, நீங்கள் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது பிசாசுகள் மரியாதைக்காகக் காத்திருக்காது. முதலில் நாலடி விலகி ஓடுங்கள், அப்புறம் குடியுங்கள்.

குணமாக்கும் மருந்து போக, ஃபின்னின் திறமையை நிரந்தரமாகக் கூட்டும் மருந்துகளும் உண்டு. வழியில் கிடைக்கும் பெட்டிகளைத் திறந்தும், தங்கம் கொடுத்து வியாபாரியிடம் வாங்கியும் சேர்க்கும் பொருள்களை ஒன்றோடொன்று கலந்து புதுப்புது மருந்தாக்கலாம். அதனால் ஓரம் சாரத்தில் இருக்கும் பெட்டிகளை விடாதீர்கள். எந்தக் கலவை எதைத் தரும் என்று இங்கே பட்டியல் போட மாட்டேன், கண்டுபிடிப்பதில்தான் அந்தப் பகுதியின் சுவாரசியம். ஒரே ஒரு யோசனை, ஆரம்பத்தில் உயிரைக் கூட்டுகிறவற்றைத் தேடுங்கள், மந்திர பலம் பிறகு தானாக வரும்.

உடைந்த பாலத்தை ஒட்டவைப்பது, தடையாகக் கிடக்கும் பொருளை நகர்த்துவது போன்ற சில்லறை வேலைகளும் கோலால்தான். இவற்றில் பெரிதாக மூளையைக் கசக்க ஒன்றுமில்லை, நிதானமாகச் சுழற்றினால் வேலை முடியும்.

விளையாட்டின் குறைகளும் சமாளிக்கும் வழியும்

வலது கை முழுக்க மந்திரத்துக்குப் போய்விடுவதால் பார்வையைத் திருப்ப வழக்கமான வலது குமிழ் கிடையாது. கேமரா பெரும்பாலும் தன் இஷ்டத்துக்கு இருக்கும், முதுகுக்குப் பின்னால் வருபவன் தெரியவே மாட்டான். எனவே சண்டை தொடங்கியதும் பின்னால் நகர்ந்து எல்லோரையும் கண்ணுக்கு முன்னால் கொண்டுவாருங்கள், திறந்தவெளியின் நடுவில் நிற்காதீர்கள்.

விளையாட்டு சற்று எளிது, நீளமும் குறைவு. விடாமல் ஆடினால் ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். கேம் ஆடிப் பழகிய பிள்ளை என்றால் ஆரம்பத்திலேயே கடின நிலையைப் போட்டுவிடுங்கள், அப்போதுதான் மேலே சொன்ன கலவை மந்திரங்களுக்கு நிஜமாகவே தேவை வரும்.

குறி திடீரென்று ஒரு பக்கமாக நழுவ ஆரம்பித்தால் பதற வேண்டாம். இடைநிறுத்தி, கண்ட்ரோலரை அசையாமல் ஒரு கணம் வைத்துவிட்டு மறுபடி அளவெடுங்கள். அப்படியும் நழுவினால் ஸ்பீக்கரையோ இரும்பு மேசையையோ சந்தேகப்படுங்கள். கோல் அவ்வப்போது மறைந்து மறைந்து வந்தால் வெளிச்சம்தான் காரணம், பந்து எரிகிற நிறத்தில் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அது அலமாரி மேல் இருந்த ஒரு நீல பிளாஸ்டிக் குடம். இரண்டு நாள் தேடினோம்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கையை உதறுங்கள். மறுநாள் தோள் வலித்தால் நீங்கள் இன்னும் தோளால்தான் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம், போல்ட் பகுதிக்குத் திரும்பப் போய் மணிக்கட்டைப் பழக்குங்கள். முடித்து டிஸ்க்கை எடுத்து வைத்த பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூவைப் பெட்டியில் சொருகி சார்ஜ் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து எடுக்கும்போது பந்து எரியாது.